மாரிசன் கல்விச் சங்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் பட்டம் பெற்ற முதல் சீனர் யுங் விங். அவரைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அவர் படித்த மாரிசன் பள்ளியைக் குறித்தும் அதை நடத்திய மாரிசன் கல்விச் சங்கத்தைக் குறித்தும் ஒரே வகையான ஐயங்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கூடியவரை கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

மாரிசன் கல்விச் சங்கம் என்பது என்ன? மிஷன் பள்ளி என்று சொன்னால் போதாதா?

போதாது. காண்டன் நகரில், அதாவது இன்றைய குவாங்சோவில், 1836 நவம்பர் 9 அன்று தனக்கென அமைப்பு விதிகளை ஏற்றுக்கொண்டு முறைப்படி தொடங்கிய அறச் சங்கம் அது. சீனப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய சொந்த மொழிக் கல்வியோடு ஆங்கிலத்தையும் கற்பித்து, அந்த ஆங்கிலத்தின் வழியாக மேற்கு நாடுகளின் பலதுறை அறிவு அவர்களுக்கு எட்டும்படி செய்யும் பள்ளிகளை நிறுவுவதும் ஆதரிப்பதும் அதன் குறிக்கோள் என்று விதிகள் கூறின.

மிஷன் பள்ளி என்றால் லண்டனிலோ பாஸ்டனிலோ ஒரு தலைமையகம் இருக்கும். ஆசிரியரை அனுப்புவதும், சம்பளம் தருவதும், பாடத்திட்டத்தைத் தீர்மானிப்பதும் அந்தத் தலைமையகமாக இருக்கும். இந்தச் சங்கத்துக்கு அப்படி எதுவும் இல்லை. காண்டனில் தொழில் செய்த ஆங்கிலேய, அமெரிக்க வணிகர்கள் சேர்ந்து பணம் போட்டு வைத்த கல்வி அறக்கட்டளை என்று அதைச் சொல்வது பொருந்தும். பாதிரிமார் அதில் முக்கியப் பங்கு வகித்தார்கள், ஆனால் அவர்கள் உரிமையாளர்கள் அல்லர். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் பதில்களில் பாதி தானாகவே விளங்கும்.

ராபர்ட் மாரிசன் தொடங்கியதால்தான் இந்தப் பெயரா?

இல்லை. மாரிசன் 1834 ஆகஸ்ட் 1 அன்று காண்டனில் இறந்துவிட்டார்; சங்கம் அவர் நினைவாக எழுந்தது. 1807-இல் லண்டன் மிஷனெரிச் சங்கத்தின் சார்பில் சீனா வந்த முதல் புராட்டஸ்டன்ட் மிஷனெரி அவர். கிழக்கிந்தியக் கம்பெனி மிஷனெரிகளைத் தன் கப்பல்களில் ஏற்ற மறுத்ததால் நியூயார்க் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார்; வந்த இரண்டே ஆண்டுகளில் அதே கம்பெனிக்கு மொழிபெயர்ப்பாளராகவும் ஆனார். விவிலியத்தின் சீன மொழிபெயர்ப்பு, மிகப் பெரிய சீன - ஆங்கில அகராதி ஆகியவை அவருடைய முதன்மையான பணிகள். வில்லியம் மில்ன் என்பவரோடு சேர்ந்து 1818-இல் மலாக்காவில் ஆங்கிலோ - சீனக் கல்லூரியையும் நிறுவினார். அந்தக் கல்லூரியையும் இந்தச் சங்கத்தையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு.

அவர் இறந்த சில மாதங்களில், 1835 ஜனவரி 26 அன்று, அவருடைய நினைவாக ஒரு கல்விச் சங்கம் அமைக்கலாம் என்ற சுற்றறிக்கை காண்டன் வாழ் வெளிநாட்டாரிடையே சுற்றுக்கு விடப்பட்டது. கல்லறைக்கு மேலே ஒரு நினைவுத்தூண் எழுப்பிவிட்டு நிறுத்தியிருக்கலாம். அவர்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பொறுப்பில் இருந்தவர்கள் யார்? பணம் எங்கிருந்து வந்தது?

சீனாவில் வசிக்கும் அறங்காவலர் ஐவர் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்டுச் சங்கத்தை நடத்தினார்கள். தொடக்கத்தில் தலைவர் லான்சலாட் டென்ட், பொருளாளர் வில்லியம் ஜார்டின். இருவரும் காண்டனின் மிகப் பெரிய ஆங்கிலேய வணிக நிறுவனங்களின் தலைவர்கள், தொழிலில் கடும் போட்டியாளர்கள். கடிதப் போக்குவரத்துக்கான செயலர் எலைஜா கோல்மன் பிரிட்ஜ்மன்; 1830-இல் வந்த இவரே சீனாவுக்கு வந்த முதல் அமெரிக்க புராட்டஸ்டன்ட் மிஷனெரி. நடவடிக்கைக் குறிப்புகளுக்கான செயலர் ஜான் ராபர்ட் மாரிசன், இறந்தவரின் மகன். அமெரிக்க வணிகர் டேவிட் ஒலிஃபன்ட் தொடக்கக் குழுவிலேயே இருந்தார்.

வருமானம் என்பது நன்கொடையும் ஆண்டுச் சந்தாவும்தான். நிலமோ, வாடகை வரும் கட்டடமோ, வட்டிக்கு விட்ட பெரிய மூலதனமோ சங்கத்துக்கு இல்லை. காண்டனில் வெளிநாட்டார் தொகை சில நூறு பேர்தான். அவர்களிலும் பொருள் ஈட்டி முடித்ததும் ஊர் திரும்புவதே எல்லோருடைய எண்ணமும். ஐந்தாறு பெரிய கைகள் கொடுத்தவரை சங்கம் நடந்தது.

சங்கம் காண்டனில், பள்ளி மக்காவில். இது ஏன்?

காண்டனில் பள்ளி வைக்க வழியே இல்லை. அன்று சீனாவை ஆண்ட சிங் அரசின் விதிப்படி வெளிநாட்டு வணிகர்கள் ஆற்றங்கரையிலிருந்த பதின்மூன்று பண்டகசாலைகளின் எல்லைக்குள், அதுவும் வணிகப் பருவத்தில் மட்டுமே தங்கலாம்; மனைவியரை அழைத்து வரக் கூடாது. வெளிநாட்டாருக்குச் சீனம் கற்றுக்கொடுப்பதே கடும் தண்டனைக்குரிய குற்றம். மாரிசனுக்குக் கற்பித்த ஆசிரியர்களில் ஒருவர், பிடிபட்டால் உட்கொள்வதற்காக நஞ்சைக் கூடவே வைத்திருந்தார் என்று சொல்லப்படுகிறது. அப்படிப்பட்ட ஊரில் சீனச் சிறுவர்களை வெளிநாட்டார் வீட்டில் தங்கவைத்துக் கற்பிப்பதைப் பற்றி எண்ணிப் பார்க்கவும் முடியாது.

மக்காவ் போர்ச்சுக்கீசியரின் நிர்வாகத்தில் இருந்தது. வணிகர்களின் குடும்பங்கள் அங்கேதான் வாழ்ந்தன. ஆகவே காண்டனில் பணம் திரட்டி, மக்காவில் பள்ளி நடத்துவது என்ற ஏற்பாடு இயல்பாகவே அமைந்தது.

1836-இல் சங்கம், 1839-இல் பள்ளி. இடையில் மூன்று ஆண்டுகள் என்ன செய்தார்கள்?

பெரும்பகுதி, ஆசிரியருக்காகக் காத்திருந்தார்கள். இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் கடிதம் போயிற்று. இங்கிலாந்திலிருந்து ஆள் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் யேல் கல்லூரிப் பேராசிரியர்கள் தங்கள் பழைய மாணவர் சாமுவேல் ராபின்ஸ் பிரவுனைப் பரிந்துரைத்தார்கள். அவர் 1838 அக்டோபரில் ஒலிஃபன்ட்டின் கப்பலில் மனைவியோடு புறப்பட்டு 1839 பிப்ரவரியில் மக்காவ் வந்து சேர்ந்தார். அந்தக் கப்பலின் பெயரும் 'மாரிசன்' என்பது ஒரு சுவையான பொருத்தம்.

பிரவுன் அதற்கு முன் நியூயார்க்கில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் கற்பித்தவர். தன் மொழி மாணவனுக்கும், மாணவனின் மொழி தனக்கும் தெரியாத நிலையில் ஒவ்வொரு சொல்லையும் பொருளோடு சேர்த்துக் கட்டிக்கொடுக்கும் வேலை அது. சீனச் சிறுவர்களின் முன் நிற்க அதைவிடப் பொருத்தமான பயிற்சி இருந்திருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதுவரை சங்கம் சும்மா இருக்கவுமில்லை. நன்கொடையாக வந்த புத்தகங்களைக் கொண்டு ஒரு நூலகம் அமைத்தது. சீனாவில் எழுத்தறிவும் பள்ளிக்கல்வியும் எந்த நிலையில் உள்ளன என்று விவரம் திரட்டியது. மக்காவில் குட்ஸ்லாஃப் அம்மையார் நடத்திய சிறு பள்ளிக்கு உதவித்தொகை அளித்தது. யுங் விங் 1835-இல், ஏழாவது வயதில், முதலில் சேர்ந்தது அந்தப் பள்ளியில்தான். அங்கிருந்து சில சிறுமியரையும் கூட்டிக்கொண்டு படகில் தப்பியோட முயன்று பிடிபட்டு, தலையில் காகிதத் தொப்பியும் மார்பில் 'ஓடிப்போனவர்களின் தலைவன்' என்ற அட்டையுமாக நிறுத்தப்பட்டதை அவரே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

எல்லாம் இலவசம் என்றால் பிள்ளைகள் குவிந்திருப்பார்களே?

1839 நவம்பர் 4 அன்று பள்ளி திறந்தபோது வந்தவர்கள் ஆறு பேர். கல்வி, உணவு, தங்குமிடம் அனைத்தும் சங்கத்தின் செலவு. அந்த இலவசமே பெற்றோரை அச்சுறுத்தியது. வெளிநாட்டான் ஒருவன் நம் பிள்ளைக்குச் சோறு போட்டுப் பாடமும் சொல்லிக்கொடுப்பது எதற்காக, இதில் ஏதோ கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்று தாங்கள் முதலில் நினைத்ததாக ஒரு தந்தை பின்னாளில் பிரவுனிடம் மனம்விட்டுச் சொன்னார்.

வசதியுள்ள குடும்பம் தன் பிள்ளையை அரசுத் தேர்வுக்குத் தயார் செய்யும். பழைய செவ்விலக்கியங்களை மனப்பாடம் செய்து தேர்வில் வென்றால் பதவி, வெல்லாவிட்டாலும் கற்றவன் என்ற மதிப்பு. ஆங்கிலம் அந்த ஏணியில் எந்தப் படியிலும் இல்லை. ஆகவே மாரிசன் பள்ளிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் மக்காவை ஒட்டிய சியாங்ஷான் வட்டாரத்து ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள்.

யுங் விங்கின் கதையே சான்று. குட்ஸ்லாஃப் பள்ளி 1839-இல் கலைந்ததும் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டு தந்தை இறந்தார். சிறுவன் தெருவில் மிட்டாய் விற்றான். அறுவடை முடிந்த வயலில் அக்காளோடு கதிர் பொறுக்கப் போனபோது, ஆங்கிலம் தெரியும் என்று அக்காள் சொல்ல, அறுவடைக்காரர்களின் தலைவர் பேசிக்காட்டச் சொன்னார். இருபத்தாறு எழுத்துகளையும் ஒரே மூச்சில் ஒப்பித்ததற்குப் பல நெற்கட்டுகள் கிடைத்தன. பிறகு மக்காவில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரின் அச்சகத்தில் மாதம் நாலரை டாலருக்குத் தாள் மடித்தார். ஒன்றரை டாலர் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் போக மூன்று டாலரைத் தாய்க்கு அனுப்பினார். 1841-இல் மருத்துவர் ஹாப்சன் அவரைத் தேடிப்பிடித்து மாரிசன் பள்ளியில் சேர்த்தார். பள்ளியில் சேர்வது என்றால் அந்த மூன்று டாலரை வீடு இழப்பது என்று பொருள். இலவசக் கல்வியிலும் ஏழை கொடுக்கும் விலை ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

என்னென்ன பாடங்கள்? ஒரு நாள் எப்படிக் கழிந்தது?

நாளில் ஒரு பாதி ஆங்கிலம், மறு பாதி சீனம். சீனப் பாடத்துக்குச் சீன ஆசிரியர். அங்கே மரபுவழி முறைதான், நூலை உரத்துப் படித்து நெட்டுருப் போடுவது. ஆங்கிலப் பகுதியில் வாசிப்பு, எழுத்து, வாய்க்கணக்கு, புவியியல். மேல்வகுப்பில் வரலாறும் கட்டுரை எழுதுதலும். பாட்டும் உண்டு. நாள்தோறும் ஏறத்தாழ எட்டு மணி நேரம் படிப்புக்கும், மூன்று நான்கு மணி நேரம் வெளியில் ஓடியாடுவதற்கும் ஒதுக்கப்பட்டது. சீனப் பள்ளிகளில் விளையாட்டுக்கு நேரம் ஒதுக்குவது கேள்விப்படாத செய்தி. மாணவர்கள் பிரவுனின் வீட்டிலேயே, அவர் குடும்பத்தோடு வளர்ந்தார்கள்.

பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்வதைப் பிரவுன் கடுமையாகக் குறை கூறினார். கட்டுரை எழுதச் சொல்லும்போது அவரவர் எண்ணத்தை எழுதத் தூண்டினார். 1845-இல் யுங் விங் எழுதிய ஒரு கட்டுரை, நியூயார்க்குக்குக் கப்பலேறிப் போய் ஹட்சன் ஆற்றில் மேல்நோக்கிப் பயணம் செய்வதாகக் கற்பனை செய்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த நகரை அவர் நேரில் பார்த்தார்.

குறையையும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தை ஆர்வத்தோடு கற்ற பிள்ளைகளுக்குச் சீனப் பாதி சுமையாகவே இருந்தது. அமெரிக்காவில் எட்டாண்டுகள் கழித்துத் திரும்பிய யுங் விங், காண்டனில் மாதக்கணக்கில் அமர்ந்து தாய்மொழிப் பேச்சையே மீண்டும் கற்க வேண்டியிருந்தது.

உண்மையைச் சொல்லுங்கள், மதம் மாற்றுவதுதானே நோக்கம்?

அந்த நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது, மறைக்கவுமில்லை. விவிலியம் ஒவ்வொரு மாணவன் கையிலும் கொடுக்கப்படும், அதைப் படிக்க உதவியும் செய்யப்படும் என்று விதிகளிலேயே எழுதினார்கள். ஆனால் அதன் போதனையை ஏற்பது பள்ளியில் சேர்வதற்கான நிபந்தனை ஆகாது என்பதையும் அதே விதிகளில் எழுதிவைத்தார்கள். பிரவுனின் வீட்டில் நாள்தோறும் வழிபாடு நடந்தது என்பதையும், தங்கிப் படிக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு 'நிபந்தனை இல்லை' என்ற சொல் எவ்வளவு தூரம் பாதுகாப்பு என்பதையும் சேர்த்தே நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

யுங் விங் கிறித்தவரானார். ஆயினும், திரும்பிப் போய் மிஷனெரியாகப் பணியாற்றுவதாக உறுதிமொழி எழுதிக்கொடுத்தால் கல்லூரிச் செலவை ஏற்கிறோம் என்று அமெரிக்காவில் முன்வந்தபோது, அந்த உறுதிமொழி நாட்டுக்குத் தான் செய்யக்கூடிய தொண்டைச் சுருக்கிவிடும் என்று மறுத்தார். கையில் காசில்லாத நிலையில் மறுத்தார். பிறகு ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரின் பெண்கள் சங்கம் ஒன்று எந்த நிபந்தனையும் இன்றி உதவியது.

பெண் பிள்ளைகளுக்கு இடம் இருந்ததா?

சங்கத்தின் நோக்கம் பெண்களை விலக்கவில்லை. உதவி பெற்ற குட்ஸ்லாஃப் பள்ளியே அடிப்படையில் பெண்கள் பள்ளிதான், சிறுவர் பிரிவு பின்னால் ஒட்டிக்கொண்டது. ஆனால் சங்கம் தானே நடத்திய பள்ளி ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே. சீனப் பெண்களுக்கென நிலையான பள்ளி 1844-இல் நிங்போவில் ஆல்டர்சி அம்மையார் தொடங்கியது. அதற்கும் இச்சங்கத்துக்கும் தொடர்பில்லை.

அபின் பணத்தில் நடந்த பள்ளி என்கிறார்களே, அது மிகைதானே?

மிகையில்லை. முன்னர்ச் சொன்ன தலைவர் டென்ட், பொருளாளர் ஜார்டின் ஆகிய இருவரின் நிறுவனங்களும் சீனக் கடற்கரையில் அபின் விற்றவற்றில் முதல் இரண்டு இடத்தில் இருந்தவை. அந்தச் சரக்கு நம் நாட்டிலிருந்து போனது: பீகாரில் விளைந்து, கல்கத்தாவில் கம்பெனி ஏலம் விட்டது ஒரு பகுதி, பம்பாய் வழியாகப் போன மாளவத்து அபின் இன்னொரு பகுதி. 1839 மார்ச்சில் பேரரசரின் ஆணையர் லின் ட்செஷு காண்டனுக்கு வந்து, வெளிநாட்டாரிடமிருந்த அபின் முழுவதையும் ஒப்படைக்கச் சொன்னபோது, குறிப்பாகப் பெயர் சொல்லிப் பிடித்துத் தரக் கேட்டது டென்டைத்தான். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஒப்படைக்கப்பட்டு ஜூன் மாதம் ஹூமனில் அழிக்கப்பட்டன. லின் வந்த நேரத்தில் பிரவுன் மக்காவுக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன.

எதிர்ப்பக்கமும் சங்கத்துக்குள்ளேயே இருந்தது. ஒலிஃபன்ட் அபினைத் தொடவே மறுத்தவர். அதற்காக மற்ற வணிகர்கள், விவிலியத்தின் புனித மலையான சீயோனின் பெயரை வைத்து, அவருடைய பண்டகசாலையைச் 'சீயோன் மூலை' என்று கேலி செய்தார்கள். பிரிட்ஜ்மன் தாம் ஆசிரியராக இருந்த ஆங்கில இதழில் அபின் வாணிகத்தைக் கண்டித்துக் கட்டுரைகள் வெளியிட்டார். அதே பிரிட்ஜ்மன்தான் அபின் வணிகர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து பள்ளிக்கணக்கைப் பார்த்தார். ஊரைக் கெடுத்த பணத்தில் ஒரு பங்கு ஊர்ப்பிள்ளைகளின் கல்விக்குத் திரும்பட்டும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். என்னால் அதை முழு மனத்தோடு ஏற்க முடியவில்லை. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியவில்லை.

போர் மூண்டபோது பள்ளி என்ன ஆயிற்று? ஹாங்காங் எப்போது வந்தது?

ஆங்கிலேயருக்கும் சீனாவுக்கும் இடையே முதல் அபின் போர் நடந்த ஆண்டுகள் முழுவதும் பள்ளி மக்காவில் தொடர்ந்து நடந்தது. 1842-இல் நான்கிங் உடன்படிக்கை ஹாங்காங் தீவை ஆங்கிலேயருக்கு நிலையாக எழுதிக்கொடுத்தது. முதல் ஆளுநராகப் பின்னர்ப் பொறுப்பேற்ற ஹென்றி பாட்டிஞ்சர் சங்கத்துக்குப் புரவலராகி, தீவின் வான்சாய் பகுதியில் ஒரு குன்றையும் ஒதுக்கித் தந்தார். 1842 நவம்பர் 1 அன்று பள்ளி அங்கே இடம்பெயர்ந்தது. குன்றுக்கு மாரிசன் குன்று என்றே பெயர் வந்தது.

புதிய குடியேற்றம் பாதுகாப்பான ஊராக இல்லை. 1843-இல் கொள்ளையர் பள்ளிக்குள் புகுந்து பிரவுனைக் காயப்படுத்தினார்கள். காய்ச்சல் அதைவிடக் கொடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜான் ராபர்ட் மாரிசன் காய்ச்சலில் இறந்தார். ஜார்டின் 1839-லேயே ஊர் திரும்பி 1843-இல் லண்டனில் காலமானார். பள்ளிக்குச் சொந்தக் கட்டடம் அமைந்த அதே வேளையில் சங்கத்தைத் தாங்கிய தூண்கள் சரியத் தொடங்கிவிட்டன.

மூன்று மாணவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பியது சங்கமா?

சங்கமன்று, தனியார். 1846 ஆகஸ்டில் பிரவுன் வகுப்பில் எழுந்து, உடல்நலம் கருதித் தாம் அமெரிக்கா திரும்பவிருப்பதாகவும், மாணவர்கள் சிலரை உடன் அழைத்துச் செல்ல விரும்புவதாகவும் கூறி, வர விரும்புவோர் எழுந்து நிற்கலாம் என்றார். வகுப்பு உறைந்துபோயிற்று. முதலில் எழுந்தவர் யுங் விங். அடுத்து வோங் ஷிங், வோங் ஃபூன். ஹாங்காங்கின் ஆங்கிலப் பத்திரிகையாசிரியர் ஆண்ட்ரூ ஷார்ட்ரீடும் வேறு சில வணிகர்களும் இரண்டாண்டுச் செலவை ஏற்றார்கள். ஒலிஃபன்ட் நிறுவனம் கப்பல் கட்டணம் வாங்கவில்லை. மாணவர்கள் இல்லாத காலத்தில் அவர்களுடைய பெற்றோரின் பிழைப்புக்கும் தொகை ஒதுக்கினார்கள். மேலே சொன்ன மூன்று டாலர் கணக்கை யாரோ ஒருவர் நினைவில் வைத்திருந்தார் போலும்.

1847 ஜனவரி 4 அன்று புறப்பட்டு ஏப்ரல் 12-இல் நியூயார்க் சேர்ந்தார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்து மான்சன் பள்ளியில் மூவரும் சேர்ந்தார்கள். வோங் ஷிங் உடல்நலம் குன்றி 1848-இல் திரும்பினார். வோங் ஃபூன் எடின்பரோ சென்று மருத்துவம் படித்து 1855-இல் பட்டம் பெற்றார்; மேற்கத்திய மருத்துவப் பட்டம் பெற்ற முதல் சீனர் அவரே. யுங் விங் 1854-இல் யேலில் பட்டம் பெற்றார்.

இவ்வளவு நன்றாக நடந்த பள்ளியை ஏன் மூடினார்கள்?

பணம் தீர்ந்தது என்பது சுருக்கமான பதில். ஏன் தீர்ந்தது என்பதே உண்மையான கேள்வி. வருமானம் பற்றி முன்பே சொன்னேன்: கொடுத்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள் அல்லது ஊர் திரும்பினார்கள். உடன்படிக்கையால் ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டதும் வணிகம் ஷாங்காய் பக்கம் நகர்ந்தது. காண்டனில் எல்லோரும் ஒரே தெருவில் வாழ்ந்தபோது ஒருவர் கையெழுத்திட்டால் அடுத்தவரும் வெட்கத்துக்காவது கையெழுத்திடுவார். பல ஊர்களில் சிதறிய பின் அந்த நெருக்கம் போய்விட்டது. வந்த மிஷன்களோ தத்தம் பள்ளிகளைத் தொடங்கின. மலாக்காவின் ஆங்கிலோ - சீனக் கல்லூரியும் 1843-இல் ஜேம்ஸ் லெக்கின் தலைமையில் ஹாங்காங்குக்கே வந்துவிட்டது. எந்த மிஷனையும் சாராமல் இருந்தது இச்சங்கத்தின் தனிச்சிறப்பு. நெருக்கடியில் கைகொடுக்கத் தலைமையகம் ஒன்று இல்லாமல் போனதும் அதனால்தான்.

இன்னொரு காரணம் பிரவுன். அவரே ஆசிரியர், விடுதிக் காப்பாளர், தலைமையாசிரியர். 1846-இல் வில்லியம் மேசி துணைக்கு வந்து, பிரவுன் சென்ற பின் பள்ளியை நடத்தினார். ஆனால் நன்கொடையாளர்களுக்குப் பள்ளி என்றால் பிரவுன்தான். மாணவர்களும் பாதியில் போய்க்கொண்டிருந்தார்கள், ஏனெனில் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த இளைஞனுக்கு ஹாங்காங்கில் உடனே வேலை கிடைத்தது. 1849-இல் பள்ளி மூடப்பட்டது.

வட்டுக்கோட்டை செமினரியோடு இதை ஒப்பிடலாமா?

யாழ்ப்பாணத்து நண்பர்கள் தவறாமல் கேட்பது இது. உறவு உண்டு: பிரிட்ஜ்மனைச் சீனாவுக்கு அனுப்பிய அதே அமெரிக்க மிஷன்தான் 1823-இல் வட்டுக்கோட்டை செமினரியைத் தொடங்கியது. இரண்டிலும் தாய்மொழியும் ஆங்கிலமும் சேர்த்துக் கற்பிக்கப்பட்டன. சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் வட்டுக்கோட்டையிலிருந்து வந்தவர்கள்.

முடிவு மட்டும் வேறு வகை. வட்டுக்கோட்டை 1855-இல் மூடப்பட்டது கொள்கை காரணமாக: ஆங்கிலக் கல்வி மதப்பணியாளர்களை உருவாக்காமல் அரசு எழுத்தர்களை உருவாக்குகிறது என்று தலைமையகம் முடிவு செய்தது. மாரிசன் பள்ளி மூடப்பட்டதோ மேலே சொன்னபடி, பணம் தீர்ந்தபோது கைகொடுக்கத் தலைமையகமே இல்லாததால். ஒன்றை அதன் உரிமையாளர் மூடினார். மற்றொன்று உரிமையாளர் இல்லாமல் தானாக மூடிக்கொண்டது.

யுங் விங்கைத் தவிர வேறு யாராவது பெயர் சொல்லும்படி வந்தார்களா?

சில டஜன் மாணவர்களே படித்த பள்ளிக்கு, வியப்பூட்டும் அளவுக்கு. வோங் ஷிங் அச்சுத்தொழிலிலும் சீனப் பத்திரிகைத் துறையிலும் முன்னோடியாகி, 1884-இல் ஹாங்காங் சட்டமன்றத்துக்கு நியமனம் பெற்றார். அந்த அவையில் இடம்பெற்ற இரண்டாவது சீனர் அவர். டாங் டிங்ஷு ஹாங்காங்கில் மொழிபெயர்ப்பாளராகத் தொடங்கி, 1862-இல் சீனருக்கான ஆங்கிலக் கையேடு ஒன்றை ஆறு தொகுதிகளாக வெளியிட்டு, ஜார்டின் நிறுவனத்தின் முதன்மைச் சீனத் தரகரானார். 1873-இல் சீன அரசின் ஆதரவிலான நீராவிக் கப்பல் நிறுவனத்தின் பொறுப்பையும், பின்னர் கைப்பிங் நிலக்கரிச் சுரங்கத்தின் பொறுப்பையும் ஏற்றார். பொருளாளர் ஜார்டினின் பணத்தில் ஆங்கிலம் கற்று, ஜார்டின் நிறுவனத்தில் தொழில் கற்று, வெளிநாட்டுக் கப்பல் நிறுவனங்களோடு போட்டியிடும் சீன நிறுவனத்தை நடத்திய மனிதர்!

1872 முதல் 120 சிறுவர்கள் அமெரிக்கா போனார்களே, அது இந்தச் சங்கத்தின் தொடர்ச்சியா?

அமைப்பு அளவில் இல்லை. அது சிங் அரசின் செலவில் நடந்த திட்டம். ஆனால் அதைப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் விடாமல் வலியுறுத்தி ஒப்புதல் வாங்கியவர் யுங் விங். ஆண்டுக்கு முப்பது பேர் வீதம் நான்கு ஆண்டுகள் அனுப்பப்பட்டார்கள். அமெரிக்கக் குடும்பங்களின் வீடுகளில் தங்கினார்கள். பிரவுன் வீட்டில் வளர்ந்தவரின் கை அதில் தெரிகிறது. உடன் சீன ஆசிரியர்களும் போனார்கள், தாய்மொழிப் பாடம் கட்டாயம். அப்படியிருந்தும் பிள்ளைகள் அமெரிக்கராகிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்து, 1881-இல் அரசு அனைவரையும் திரும்ப அழைத்துக்கொண்டது.

இன்று ஹாங்காங்கில் போய்ப் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

சங்கத்தின் நூலகத்துப் புத்தகங்கள் பல கைகள் மாறி ஹாங்காங் பல்கலைக்கழக நூலகத்தில் மாரிசன் தொகுப்பு என்ற பெயரில் இருக்கின்றன. ராபர்ட் மாரிசனின் கல்லறை மக்காவில், பழைய புராட்டஸ்டன்ட் கல்லறைத் தோட்டத்தில் உள்ளது.

பள்ளிக் கட்டடத்தைத் தேட வேண்டாம். அது நின்ற குன்றே இல்லை. 1920-களில் வான்சாய் கடற்கரையைத் தூர்த்து நிலமாக்கியபோது, மாரிசன் குன்றை வெட்டி அந்த மண்ணையும் கல்லையும் கடலில் கொட்டினார்கள். மாரிசன் குன்றுச் சாலை என்ற பெயர்ப்பலகை மட்டும் சமதரையில் நிற்கிறது.